அழி ரப்பர்

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவில் உங்கள் வீட்டிலிருந்து நாங்கள் ஊர் வந்து சேர்ந்து இன்றோடு மூன்று வாரம். தூக்கம் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் விழிப்பு தட்டிவிடுகிறது. அம்மா திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நான் எழுந்து தார்சாவில் விளக்கைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அப்படி உட்கார்ந்து எழுதுகிற கடிதம் இது. போனில் சொல்லலாம் என்றால், குட்டி பக்கத்தில் நிற்கிறாள், இல்லாவிட்டால் அம்மா போனைப் பிடுங்கிவிடுகிறாள்.

நாங்கள் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், சாயங்காலம் குட்டிக்குப் படக்கதை சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து போய்விட்டேன். ஏன்ப்பா, ஏன்ப்பா என்று நீ இரண்டு தடவை கேட்டாய். கண்ணில் தூசி என்றேன். தூசி இல்லை அம்மாடி.

அது நூலகத்திலிருந்து எடுத்துவந்த 'சுல்வே' புத்தகம். நடிகை லுபிடா நியோங்கோ எழுதி, வாஷ்டி ஹாரிசன் படம் வரைந்து 2019இல் வந்தது. அந்த வீட்டில் அம்மா விடியற்காலை நிறம், அப்பா அந்தி நிறம், கூடப்பிறந்தவள் உச்சிப் பொழுது நிறம். சுல்வே மட்டும் நடுராத்திரி நிறம். பள்ளிக்கூடத்தில் அவளை எப்படியெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று வருகிற இடம் வரை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்துவிட்டேன். அடுத்த பக்கம் திருப்பினேன். அந்தப் பிள்ளை இருப்பதிலேயே பெரிய அழி ரப்பரை எடுத்துத் தன் தோலைத் தேய்க்கிறாள். ஒன்றிரண்டு படலமாவது அழிந்து வெளுக்காதா என்று. குட்டி என் முகத்தைப் பார்த்து, "தாத்தா, அவ ஏன் தன்னையே அழிக்கிறா?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியும். அதனால்தான் எழுந்து போனேன்.

வந்த மறுவாரமே பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். 1992, கோடை விடுமுறை. உனக்கு ஏழு வயது. இதே தார்சாவில் ஜன்னலோரம் உன்னை முக்காலியில் உட்கார வைத்து இரண்டு காலை வெயில் வரைந்தேன். ஓரம் பழுத்துவிட்டது, ஆனால் படம் நன்றாகத்தான் இருக்கிறது. மூக்கு உன் மூக்கு. இடது புருவத்து வடுவைக்கூட விடவில்லை. நிறம் மட்டும் உன்னுடையது இல்லை. வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி ஆரஞ்சு. கையெல்லாம் அதே நிறம். நீ பார்த்துவிட்டு, "இந்த அக்கா யாருப்பா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன், அம்மாவும் சிரித்தாள்.

அந்த வாரம்தான் நீ குளிக்கப் போய் வெகுநேரம் வராமல், அம்மா கதவைத் தட்டிப் பார்த்தபோது பீர்க்கங்காய் நாரால் முழங்கையைத் தேய்த்துத் தேய்த்துச் சிராய்த்து வைத்திருந்தாய். தேங்காயெண்ணெய் போட்டு விட்டோம். யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்கள். அப்பா நிறத்தைக் கொண்டு பிறந்துவிட்டாள், கரையேற்றக் கஷ்டம் என்று. ஆனால் அவர்கள் வாயால் சொன்னதை நான் தூரிகையால் செய்திருக்கிறேன். சொன்னது காற்றோடு போய்விடும். வரைந்தது முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டிக்குள் கிடக்கிறது.

31 வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகள் கிரேயான் பெட்டியைத் திறந்து, சார், முகத்துக்கு எது என்று கேட்பார்கள். அந்த வெளிர் ரோஜாக் குச்சியைக் காட்டி, 'ஸ்கின் கலர்' என்பேன். கேட்கிற பிள்ளையின் முகமும் அந்தக் குச்சியும் ஒரு அடி இடைவெளியில் இருக்கும். ஒருநாள்கூட எனக்குக் கண் திறக்கவில்லை. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனிக்காரர்கள் அந்த நிறத்துக்கு வைத்திருந்த 'சதை நிறம்' என்ற பெயரை 1962இலேயே மாற்றி, 'பீச் பழ நிறம்' என்று ஆக்கிவிட்டார்களாம். நான் வேலையில் சேர்வதற்கு எவ்வளவோ வருஷம் முன்னால்.

அதே 1962இல்தான் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'பனி நாள்' புத்தகமும் வந்தது. குட்டிக்கு மனப்பாடமான புத்தகம். பீட்டர் என்ற பையன் காலையில் எழுந்து பார்க்கிறான், ஊரெல்லாம் பனி. சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான், கால் தடம் பதிக்கிறான், ஒரு பனி உருண்டையைப் பையில் பத்திரப்படுத்தி வீட்டுக்குக் கொண்டுவருகிறான், அது கரைந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. அவன் கறுப்பினப் பையன் என்று கதையில் ஒரு சொல் கிடையாது, படத்தில் மட்டும் இருக்கிறான். கீட்ஸ் புரூக்ளினில் பிறந்த யூதர். 1940இல் ஒரு பத்திரிகையில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் போட்டோக்களை வெட்டி எடுத்து இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தாராம். அந்தச் சிறுவன்தான் பீட்டர் ஆனான். அடுத்த வருஷமே, படப்புத்தக ஓவியத்துக்கு அமெரிக்காவில் தருகிற கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. அந்தப் பக்கங்களில் உதிர்கிற பனித்துகள் எப்படி வந்தது தெரியுமா? அழி ரப்பரில் வடிவம் செதுக்கி, சாயத்தில் தோய்த்து அச்சுக் குத்தியிருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் வெண்டைக்காயை நறுக்கி அச்சுக் குத்தச் சொல்லிக் கொடுத்தேனே, அதே வேலைதான்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சம்பந்தியம்மா சொன்னதை உன்னிடம் சொன்னேனா என்று ஞாபகமில்லை. அன்று நீ வேலைக்குப் போயிருந்தாய். அவரும் நானும் அம்மாவும் சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். என் இங்கிலீஷுக்காக மெதுவாகப் பேசினார். ஏழு வயதில், பிலடெல்பியாவில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில், டீச்சர் இந்தப் புத்தகத்தை வகுப்புக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அதுவரை பள்ளிப் புத்தகம் எதிலும் தன்னைப்போல் ஒரு பிள்ளையை அவர் பார்த்ததில்லை. மணி அடித்ததும் போய்ப் புத்தகத்தை வாங்கி, தன் கையைப் பீட்டரின் கன்னத்துப் பக்கம் வைத்துப் பார்த்தாராம். பீன்ஸைக் கீழே வைத்துவிட்டு, எப்படி வைத்துப் பார்த்தேன் என்று மேசைமேல் செய்து காட்டினார். அறுபது வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் நிலைமை அப்படித்தான் இருந்திருக்கிறது. 1965இல் நான்சி லாரிக் என்ற அம்மையார் மூன்று வருஷத்துக் குழந்தைப் புத்தகங்களை எண்ணிப் பார்த்தார். 5,206 புத்தகத்தில், படத்திலோ கதையிலோ ஒரே ஒரு கறுப்பினத்தவராவது தலைகாட்டியது 6.7 சதவீதம். நீ பிறந்த 1985இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலகத்தார் வேறு கணக்கு எடுத்தார்கள்: அந்த வருஷம் வந்த சுமார் 2,500 குழந்தைப் புத்தகத்தில் கறுப்பின எழுத்தாளர்களோ ஓவியர்களோ செய்தவை 18. இத்தனைக்கும் யாரும் கேட்காமல் இருந்ததில்லை. டூபாய்ஸ் போன்ற கறுப்பின அறிஞர்கள் 1920, 1921 இரண்டு வருஷமும் தங்கள் பிள்ளைகளுக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை நடத்தி, 24 இதழோடு நிறுத்த வேண்டி வந்திருக்கிறது.

அட்டையில் வட்ட முத்திரை இருக்கிற புத்தகங்களாகப் பார்த்து நான் பொறுக்குவேனே, மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி பெயரில் தருகிற அந்த கொரெட்டா ஸ்காட் கிங் விருதுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1969இல் நூலகர்கள் மாநாடு ஒன்றில் இரண்டு பள்ளி நூலகர்கள், மார்ட்டின் லூதர் கிங் போஸ்டர் ஒன்றே ஒன்றுக்காக ஒரே நேரத்தில் ஒரே கடையில் வந்து நின்றிருக்கிறார்கள். பேச்சு வாக்கில், குழந்தைப் புத்தகத்துக்கான பெரிய விருது கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்குக்கூட இதுவரை வரவில்லையே என்று வந்தது. பக்கத்தில் நின்ற பதிப்பாளர் ஒருவர், அப்படியானால் நீங்களே ஒன்று தொடங்குங்களேன் என்றார். தொடங்கிவிட்டார்கள். 1974 முதல் ஓவியர்களுக்கும் தருகிறார்கள்.

சரி, ஓவியர் ஃப்ளாயிட் கூப்பருக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமானவர் அவர்தான்.

அவர் சொந்த ஊர் ஓக்லஹோமாவில் டல்சா. அங்கே கிரீன்வுட் என்று கறுப்பின மக்கள் செழிப்பாக வாழ்ந்த பகுதி ஒன்று இருந்தது. சொந்தமாகக் கடைகள், தியேட்டர், ஆஸ்பத்திரி, பத்திரிகை எல்லாம் வைத்திருந்தார்கள். 1921 மே 31 ராத்திரியும் ஜூன் 1 காலையும் வெள்ளைக்காரக் கும்பல் புகுந்து கொள்ளையடித்துக் கொளுத்தியது. 35 தெருக்கட்டு சாம்பல். எத்தனை உயிர் போனது என்பதற்குச் சரியான கணக்கே இல்லை, 300 வரை இருக்கலாம் என்கிறார்கள். கூப்பருடைய தாத்தா அதில் பிழைத்தவர். சின்ன வயதில் தாத்தா வாயால் கேட்டதுதான், பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று கூப்பர் எழுதியிருக்கிறார். நூறு வருஷம் கழித்து, 2021இல், கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்ட் எழுத இவர் படம் வரைந்து அந்தக் கதை புத்தகமாக வந்தது. அதே வருஷம் ஜூலையில் அவர் இறந்தும் போனார். விருதுகளெல்லாம் அடுத்த வருஷம் வந்தன. குட்டிக்கு இன்னும் வயது வரட்டும் என்று நீ அதை மேல் தட்டில் வைத்தாய், அது சரிதான். நான் உங்கள் கட்டிலறை விளக்கில் தனியாக மூன்று தடவை பார்த்தேன்.

அவர் வேலை செய்கிற முறையைச் சொல்கிறேன். நாமெல்லாம் வெள்ளைத் தாளில் தொடங்குவோம். வெளிச்சம் ஏற்கெனவே தாளில் இருக்கிறது, நாம் இருட்டைச் சேர்த்துக்கொண்டே போவோம். அதனால்தான் கறுப்பு முகம் என்றால் கை தயங்குகிறது, இன்னும் கொஞ்சம் பூசினால் கெட்டுவிடுமோ என்று. கூப்பர் அட்டை முழுக்க எண்ணெய்ச் சாயத்தைத் தண்ணீர் மாதிரி கரைத்து முதலில் பூசிவிடுவார். முகமும் இல்லை, கோடும் இல்லை, பழுப்பு மட்டும். பிறகு பிசைந்து உருட்டக்கூடிய மெத்தென்ற ரப்பரை எடுத்து, அந்தப் பழுப்பிலிருந்து ஒற்றி ஒற்றி வெளிச்சத்தை எடுப்பார். நெற்றி எழும்பும், கன்னம் எழும்பும். வண்ணம் கொடுப்பதெல்லாம் அப்புறம்.

நான் பிடித்த ரப்பர் தப்பை அழிக்கிற ரப்பர். சுல்வே பிடித்தது தன்னையே அழிக்கிற ரப்பர். இவர் கையிலிருப்பதும் அதே ரப்பர்தான், அதிலிருந்து ஆள் வருகிறான்.

போன வாரம் நானும் ஒரு தடித்த அட்டையில் பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்புச் சாயத்தை டர்பன்டைனில் கரைத்துப் பூசிப் பார்த்தேன். நம் கடை ரப்பர் சாயத்தைத் தேய்த்து இழுத்துவிட்டது. திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போய், சாம்பல் நிறத்தில் சப்பாத்தி மாவு மாதிரி பிசைகிற ரப்பர் ஒன்று வாங்கிவந்தேன். அம்மா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டாள். மூன்றாவது அட்டையில், மூக்கு நுனியில் ஒரு புள்ளி வெளிச்சம் நின்றது. அதை வைத்துக்கொண்டு மேல் உதடு, தாடை என்று போனேன். யார் முகம் என்று யோசித்து வரையவில்லை. முடித்துப் பார்த்தால் என் அம்மா. உன் ஆச்சி. அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது, தெரியுமா உனக்கு? ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டால், கறுத்துக் கிடக்கிற மூஞ்சிக்குப் படம் ஒரு கேடா என்று கடைசிவரை வரவே இல்லை.

மாப்பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டும். இதை மட்டும் நீ அவருக்கு இங்கிலீஷில் வாசித்துக் காட்டு.

உங்கள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. மூட்டுவலி என்று சொன்னேன். நான் பயந்தது தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும். போயும் போயும் கறுப்பனுக்கா என்று நம் வீட்டிலேயே, என் நிறத்தை ஒத்த நிறம் உள்ளவர்களே கேட்டார்கள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. விமான நிலையத்தில் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "வாங்க மாமா" என்று தமிழில் சொன்னார். அதை எத்தனை நாள் சொல்லிப் பார்த்திருப்பாரோ.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர் குட்டிக்குத் தலை வாரிவிடுவதை நான் எதிர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். சோபாவில் அவர் உட்கார்ந்து, கீழே முழங்கால்களுக்கு நடுவில் அவளை உட்கார வைத்து, தண்ணீர் தெளித்து, கிரீம் தடவி, நுனியிலிருந்து மேலே மேலே அகலப் பல் சீப்பால் சிக்கெடுப்பார். அவசரப்பட மாட்டார். வகிடு ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு பின்னல் முடிந்ததும் அவள் தலையை அடுத்த பக்கம் மெல்லத் திருப்புவார். ஆச்சி திண்ணையில் உன்னை இப்படித்தான் வைத்துக்கொள்வாள், முழங்காலால் இரண்டு பக்கமும் அணைத்து. அப்பா மகளுக்குத் தலை வாரக் கற்றுக்கொள்கிற கதை, 'ஹேர் லவ்', உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. மேத்யூ செர்ரி எழுதி, அதற்கும் வாஷ்டி ஹாரிசன்தான் படம். அதன் குறும்படத்துக்கு 2020இல் ஆஸ்கர்கூடக் கிடைத்தது. குட்டி அந்தப் புத்தகத்தைக் கதையாகவே பார்க்கவில்லை, நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கிறாள். அந்த வாஷ்டிக்கு 2024இல் கால்டிகாட் பதக்கம் வந்தது. கறுப்பினப் பெண் ஒருவருக்கு அது வந்தது அதுதான் முதல் தடவை. 1938 முதல் கொடுத்துவருகிற பதக்கம்.

அங்கே ஒரு ஓவியர் வீட்டிலிருந்து அடுத்த ஓவியர் வருகிறார், நம் ஊர்த் தவில், நாகஸ்வர வீடுகள் மாதிரி. இருபது வயது ஆகும் முன்பே 1969இல் 'ஸ்டீவி' என்ற முதல் புத்தகத்தை, தன் தெருப் பிள்ளைகள் பேசுகிற பேச்சிலேயே எழுதி வரைந்தவர் ஜான் ஸ்டெப்டோ. 38 வயதில் போய்விட்டார். அவர் மகன் ஜவாகா 2017இல் கால்டிகாட் வாங்கினார். உங்கள் பிலடெல்பியாக்காரர் ஓவியர் ஜெர்ரி பிங்க்னி, பேப்பர் கடையில் பேப்பர் விற்றுக்கொண்டே போகிறவர் வருகிறவரை வரைந்த பையன். எழுத்துக்கூட்டி வாசிப்பது அவருக்குக் கடைசிவரை சிரமம். அவருடைய 'சிங்கமும் எலியும்' புத்தகத்தில் விலங்குகளின் சத்தம் தவிர எழுத்தே இல்லை. எனக்கும் குட்டிக்கும் அதுதான் முதலில் ஒட்டியது. என் இங்கிலீஷ் தேவைப்படவில்லை, முழுக்கத் தமிழிலேயே சொன்னேன்.

ஃபெய்த் ரிங்கோல்டின் 'டார் பீச்' படப்புத்தகம் வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். அந்தக் கடற்கரை ஹார்லெமில் தார் பூசிய மொட்டை மாடி. கோடை ராத்திரியில் பெரியவர்கள் சீட்டு விளையாட, பிள்ளைகள் மெத்தையில் மல்லாந்து நட்சத்திரம் பார்க்கிறார்கள். எட்டு வயது கேஸி எழும்பிப் பறக்கிறாள். அவள் அப்பா கட்டிய பாலத்துக்கு மேலேயே பறக்கிறாள். பாலம் கட்டின அவரை, அவருடைய அப்பா உறுப்பினராக இருந்ததில்லை என்று சொல்லி யூனியனில் சேர்க்கவில்லை. முதலில் துணியில் தைத்து உருவாக்கிய கதை அது. அம்மாவுக்குக் கீழ் ஓரத்துத் துணிச் சதுரங்கள்தான் பிடித்தது, அதைப் பார்த்து ஒரு போர்வை தைக்கத் தொடங்கியிருக்கிறாள். குட்டிக்குப் பிறந்தநாளுக்குள் முடித்துவிடுவாளாம்.

பிறந்தநாள் என்றதும் ஹென்றி பிரௌன் ஞாபகம் வருகிறது. தன் வயது என்னவென்றே தெரியாதவர். அடிமைக்குப் பிறந்த நாள் எதற்கு? மனைவியையும் பிள்ளைகளையும் விற்றுவிட்ட பிறகு, 1849 மார்ச்சில், மூன்றடி நீளப் பெட்டிக்குள் தன்னை வைத்து ஆணியடித்து ரிச்மண்டிலிருந்து உங்கள் பிலடெல்பியாவுக்குப் பார்சலாக வந்தவர். 27 மணி நேரம், அதில் கொஞ்ச நேரம் தலைகீழாக. அவர் கதையைச் சொல்கிற படப்புத்தகத்தில் ஓவியர் காதிர் நெல்சன் முகங்களைக் குறுக்கும் நெடுக்குமான பென்சில் கோடுகளால் நெய்திருக்கிறார். அதை வாசித்த மறுநாள் குட்டி ஏதோ பார்சல் வந்த அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, மூடு" என்றாள். என்னால் மூட முடியவில்லை. மாப்பிள்ளை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நடந்தே போனார்கள், கடைத்தெரு வரைக்கும்.

இப்போது எனக்கு ஒரு உதவி செய். குட்டியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை தலை வாரி முடித்த பிறகு, சமையலறை ஜன்னலில் எட்டரை மணிக்கு வெயில் விழுமே, அங்கே நிறுத்தி எடு. ஃபிளாஷ் வேண்டாம். உன் போன் தானாகவே முகத்தை வெளுப்பாக்குகிறது, போன தடவை அனுப்பியதில் கவனித்தேன். அதை நிறுத்திவிட்டு எடு.

அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், உன்னையும் ஒன்று எடுத்து அனுப்பு. 1992 படத்தை நான் கிழிக்கவில்லை, அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். அட்டை இரண்டு வாங்கி, இரண்டிலும் பழுப்புப் பூசி மாடியில் காயப்போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா